கேள்வி–பதில்: இன்சுலினின் மடிப்பும் அதன் வேலையும்

இம்மாதக் கேள்விகள் இன்சுலினையும் அதைப் போன்ற பெப்டைடு ஹார்மோன்களையும் (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகளால் ஆன ஹார்மோன்கள்) பற்றியவை. பதில் எழுதுபவர்கள் ஒரு மருந்தாளரும் ஓர் உயிர்வேதியியல் ஆசிரியரும்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்குப் போன அன்று அப்பாவின் இன்சுலின் பேனா காரிலேயே தங்கிவிட்டது. டர்பன் வெயிலில் நான்கு மணி நேரம். எடுத்துப் பார்த்தால் மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் இருக்கிறது. போடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம். ஃபிரிட்ஜில் வேறு பேனா இருந்தால் அதை எடுங்கள்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. ‘ஏ’ சங்கிலியில் 21, ‘பி’ சங்கிலியில் 30. இரண்டு கந்தகப் பாலங்கள் இவற்றைச் சேர்த்துக் கட்டுகின்றன; மூன்றாவது பாலம் ‘ஏ’ சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சங்கிலிகள், தண்ணீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே மறைத்தபடி மடிந்திருக்கின்றன. சூடு ஏறினால் மடிப்பு தளர்கிறது, மறைந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன. அப்படித் தளர்ந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத நார்களாக அடுக்கிக்கொள்கின்றன. பாலம் எதுவும் அறவில்லை, அமினோ அமிலம் எதுவும் குறையவில்லை. மடிப்பு மட்டும் போய்விட்டது. ஆனால் அந்த நாருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் திறன் கிடையாது, குளிரில் வைத்தாலும் பழையபடி மடியாது.

நார் உருவாவது முதலில் மெல்ல நடக்கும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வேகமெடுக்கும். மருந்து கலங்குவதோ, நூல் மாதிரி மிதப்பதோ, கண்ணாடியில் படிவதோ கடைசிக் கட்டத்து அடையாளங்கள். அவை தெரிந்தால் மருந்து கெட்டது உறுதி. தெரியாவிட்டால் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது.

வேறு பேனா இல்லை என்றால்? இன்சுலினையே நிறுத்திவிடக் கூடாது, முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் அறவே நிறுத்தக் கூடாது. இருப்பதைப் போட்டுக்கொண்டு, சர்க்கரையை அடிக்கடி பார்த்தபடி, அன்றைக்கே கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ புதிது வாங்குங்கள். ‘வேலை செய்யவில்லை போலிருக்கிறது’ என்று நீங்களாக யூனிட்டை ஏற்றாதீர்கள். கெட்ட பேனாவில் 30-லிருந்து 44 வரை ஏற்றிவிட்டு, நல்ல பேனா வந்ததும் அதே 44-ஐப் போட்டுச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது இப்படித்தான் நேர்கிறது. சர்க்கரை 15 மில்லிமோலுக்கு மேல் இறங்காமல் நின்று, கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதைப் படித்துவிட்டு லோட் ஷெடிங் மின்வெட்டுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சியைக் காக்கும். கென்யாவின் டகஹாலே அகதி முகாமில் பதிவான வெப்பநிலையை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு: 25-க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கிய வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் தன் திறனை இழக்கவில்லை. உங்கள் பேனா இருந்த இடம் வேறு. வெயிலில் நிறுத்திய மூடிய கார் 50 டிகிரியைத் தாண்டும்.

எங்களுக்கு வெயிலைவிடக் கவலை தருவது உறைநிலை. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசர் தட்டுக்குக் கீழேயோ பின்சுவரை ஒட்டியோ வைத்தால் இரவில் உறைந்து காலையில் உருகிவிடும், யாருக்கும் தெரியாது. உறைந்தது என்று தெரிந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். கதவுத் தட்டும் காய்கறிப் பெட்டிக்கு மேலுள்ள தட்டும் பாதுகாப்பானவை. பயணத்தில் ஐஸ் பொட்டலத்தின் மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் ஜோஹன்னஸ்பர்க், கிம்பர்லி போன்ற வறண்ட ஊர்களில் நன்றாக உதவும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, ஆகவே அந்தப் பையை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, குலுக்காதீர்கள். காற்றும் மருந்தும் தொடும் பரப்பில்தான் மடிப்பு எளிதில் தளர்கிறது. ஊசி போட்டதும் ஊசிமுனையைக் கழற்றிவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: மாட்டியபடியே வைத்தால் சூடும் குளிரும் மாற மாற உள்ளே காற்று ஏறும்.

கேள்வி: ஹார்மோனும் ஏற்பியும் சாவியும் பூட்டும் மாதிரி என்று வகுப்பில் சொன்னார்கள். வடிவம் பொருந்தினால் வேலை நடக்கும், அவ்வளவுதானா?
– மாணவர், பீனிக்ஸ்

பதில்: ஏற்பி என்பது ஹார்மோன் வந்து சேரும், செல்லிலுள்ள புரதம். தேர்வுக்கு அந்தச் சாவி–பூட்டு உவமை போதும். இன்சுலினைப் புரிந்துகொள்ளப் போதாது.

பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் 1969-இல் படிகத்திலிருந்து இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டார்கள். அந்த வடிவம்தான் ஏற்பியில் பொருந்துகிறது என்று பலரும் எண்ணியது இயல்பே. 1991-இல் ஒரு சோதனை முடிவு வந்தது. ‘பி’ சங்கிலியின் 29-ஆம் அமினோ அமிலத்தை ‘ஏ’ சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தோடு நேரடியாகப் பிணைத்து ஒற்றைச் சங்கிலி இன்சுலின் ஒன்றைச் செய்தார்கள். அதன் படிக வடிவம் இயல்பான இன்சுலினின் வடிவத்தோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. ஆனால் அது வேலையே செய்யவில்லை.

காரணம், ‘பி’ சங்கிலியின் வால்பகுதி அசைய முடியாமல் கட்டுண்டு போனது. தனியாக இருக்கும் இன்சுலினில் அந்த வால் உடலோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. ஏற்பியை நெருங்கியதும் அது விலகித் திறக்கிறது. பி24-இல், அதாவது ‘பி’ சங்கிலியின் 24-ஆம் இடத்தில் உள்ள ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலம் இன்சுலினின் மையத்தை விட்டு வெளிவந்து ஏற்பியின் குழிக்குள் போய் உட்காருகிறது. வாலுக்கு அடியில் ஒளிந்திருந்த ‘ஏ’ சங்கிலியின் தொடக்கப் பகுதி ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பியோடு சேர்ந்த நிலையில் இன்சுலினைக் காட்டும் படம் 2013-இல் வெளியானபோதுதான் இந்தப் பிணைப்பு நேரில் தெரிந்தது. ஆக, படிகத்தில் பார்த்தது ஓய்வு நிலை, வேலை செய்யும் நிலை வேறு.

ஒரே ஓர் இடம் மாறினாலும் என்ன ஆகும் என்பதற்கு 1979-இல் ஒரு நோயாளியிடம் அறியப்பட்ட ‘இன்சுலின் சிகாகோ’ நல்ல சான்று. பி25-இல் ஃபீனைலலனினுக்குப் பதிலாக லியூசின் வந்திருந்தது. அந்த நோயாளியின் இரத்தத்தில் இன்சுலினை அளந்தால் நிறைய இருந்தது, சர்க்கரையோ உயர்ந்தே நின்றது. ஆய்வுக்கூட அளவு மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது.

முந்தைய கேள்வியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். திறக்கக்கூடியதாக இருப்பதால்தான் இன்சுலின் வேலை செய்கிறது. அதே தளர்ச்சியால்தான் சூட்டில் கெடுகிறது. இறுக்கிக் கட்டினால் கெடாது, ஆனால் பயனும் இல்லை. மருந்து வடிவமைப்பவர்களின் உழைப்பெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன் ஒரு இன்சுலின், இரவில் ஒரு இன்சுலின். இரண்டும் இன்சுலின்தானே, ஏன் ஒன்று உடனே வேலை செய்கிறது, மற்றது ஒரு நாள் முழுக்க நிற்கிறது? ஊசியைக் குறைக்க இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கலாமா?
– வாசகர், டொங்காட்

பதில்: ஏற்பியில் சேர்வது தனி மூலக்கூறு மட்டுமே. குப்பியிலோ இன்சுலின் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கொத்துக் கட்டியிருக்கிறது. கணையமும் அப்படித்தான் சேமிக்கிறது. கொத்தாக இருந்தால் எளிதில் கெடாது. மருந்தின் வாசனைக்குக் காரணமான ஃபீனால், மெட்டா-கிரசால் ஆகியவை கிருமியைத் தடுப்பதோடு இந்தக் கொத்தையும் உறுதிப்படுத்துகின்றன.

தோலுக்கடியில் போனதும் ஆறு இரண்டிரண்டாகி, பிறகு ஒன்றொன்றாகி இரத்தத்தில் சேர வேண்டும். சாதாரண மனித இன்சுலினுக்கு இது தாமதமாகும், அதனால்தான் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறோம். 1996-இல் வந்த லிஸ்ப்ரோ என்ற வேக இன்சுலினில் பி28, பி29 இரண்டையும் இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்க முடியாமல் சீக்கிரம் பிரிந்துவிடுகின்றன. அஸ்பார்ட் என்ற இன்னொரு வேக இன்சுலினில் பி28-இல் அஸ்பார்டிக் அமிலம் வைத்தார்கள். இவற்றைச் சாப்பாட்டுக்கு 15 நிமிடத்துக்குள் போடலாம். ஏற்பியைத் தொடும் பகுதியில் யாரும் கைவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இயற்கை இதை முன்பே செய்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் வாழும் ஒரு கூம்புச் சங்கு, மீனை மயக்கிப் பிடிக்கத் தன் நஞ்சோடு இன்சுலினையும் நீரில் விடுகிறது. அந்த இன்சுலினில் கொத்துக் கட்ட உதவும் வால்பகுதியே இல்லை, அதனால் மீனின் சர்க்கரை நொடியில் சரிகிறது.

நீண்ட நேர வகைகளில் எதிர்த்திசை. கிளார்ஜினில் ஏ21-ஐக் கிளைசினாக்கி, ‘பி’ சங்கிலி முடிவில் இரண்டு அர்ஜினின்களைச் சேர்த்தார்கள். பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலில் அது தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கடியில் அமிலம் நீங்கியதும் நுண்துகளாகப் படிந்து மெல்லக் கரையும். டெக்ளுடெக்கில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள், கொத்துகள் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ஓரமாக ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன.

ஆகவே கிளார்ஜினை வேறு எதோடும் கலக்கக் கூடாது. அமிலமும் நடுநிலைக் கரைசலும் சேர்ந்தால் சிரிஞ்சுக்குள்ளேயே படிந்துவிடும், இரண்டின் வேகமும் கெடும். இன்னொரு ஆபத்து: கிளார்ஜினும் வேக இன்சுலினும் இரண்டுமே தண்ணீர் மாதிரித் தெளிவானவை. தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். ஒன்றைச் சமையலறையிலும் மற்றதைப் படுக்கையருகிலும் வையுங்கள். பேனாவின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஆயாவுக்குக் கிளினிக்கில் பேனாவுக்குப் பதில் குப்பி தருகிறார்கள். ஒன்று கலங்கல், ஒன்று தெளிவு. இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?
– பேத்தி, மெரபேங்க்

பதில்: தெளிவு என்பது வேக மருந்து. கலங்கல் என்பது என்பிஎச். புரோட்டமின் என்ற புரதத்தோடு சேர்ந்து படிகமாகியிருக்கும் இன்சுலின் அது. படிகங்கள் அடியில் தங்கும். கலக்காமல் எடுத்தால் முதல் சில நாள் மருந்து நீர்த்தும், குப்பி தீரும் சமயம் கெட்டியாகவும் வரும். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பிறகு மெதுவாகப் பத்து முறை தலைகீழாக்கி நிமிர்த்துங்கள். பால் போல ஒரே சீராக வர வேண்டும். கட்டி கட்டியாக நின்றாலோ, கண்ணாடியில் உறைபனி மாதிரி ஒட்டினாலோ அந்தக் குப்பி வேண்டாம்.

கலங்கல் 20, தெளிவு 10 என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் சிரிஞ்சு எடுங்கள். அதில் 20 வரை காற்றை இழுத்துக் கலங்கல் குப்பிக்குள் செலுத்துங்கள்; ஊசி மருந்தைத் தொடக் கூடாது, மருந்தை எடுக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்து 10 வரை காற்றை இழுத்துத் தெளிவுக் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைக் கவிழ்த்து 10 யூனிட் எடுங்கள். குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். பிறகு கலங்கலில் குத்தி 30-ஆம் கோடு வரை இழுங்கள். தாண்டிவிட்டால் குப்பிக்குள் திருப்பித் தள்ளாதீர்கள், சிரிஞ்சோடு எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தெளிவு முதலில், கலங்கல் பின்னால். மாற்றிச் செய்தால் ஊசிமுனையில் ஒட்டிய புரோட்டமின் தெளிவுக் குப்பிக்குள் போய், அங்குள்ள இன்சுலினையும் பிடித்துக்கொள்ளும். வேக மருந்து நாளுக்கு நாள் மந்தமாகும், காரணம் பிடிபடாது.

10 மில்லி குப்பியில் 1000 யூனிட் இருக்கிறது. ஆயாவுக்கு நாளுக்கு 20 யூனிட் கலங்கல் என்றால் 50 நாள் வரும், ஆனால் திறந்தபின் ஆயுள் பெரும்பாலான இன்சுலினுக்கு 28 நாள்தான். சில வகைக்குக் கூடுதல் நாள் உண்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பி மேல் எழுதி ஒட்டுங்கள். மீதியை எறிய மனம் வராது, தெரிகிறது. ஆனாலும் எறிய வேண்டும்.

கேள்வி: தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போடும் இடம் கட்டியாகிவிட்டது. அங்கே போட்டால் வலிக்கவே இல்லை.
– வாசகர், வெருலம்

பதில்: வலிக்காததால்தான் எல்லோரும் அதே இடத்துக்குப் போகிறார்கள். ரப்பர் மாதிரி மெத்தென்றிருந்தால் பெரும்பாலும் இன்சுலினால் வளர்ந்த கொழுப்பு. கல் மாதிரி இறுகியிருந்தால், முதல் பதிலில் சொன்ன நாராக மாறிய இன்சுலினே அங்கு சேர்ந்திருக்கலாம். இது அரிது, ஆனால் உண்டு. எதுவானாலும் மருந்து அதிலிருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. மருத்துவரிடம் தொட்டுக் காட்டுங்கள். வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி, ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும் அன்று அதே யூனிட் அதிகமாகிவிடலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று மாறுவதற்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து செமக்ளுடைடு மாத்திரை கொண்டுவந்திருக்கிறான். 14 மில்லிகிராமைப் பாதியாக்கி இரண்டு நாள் ஓட்டலாமா? இன்சுலினுக்கு மட்டும் ஏன் மாத்திரை இல்லை?
– வாசகி, லெனேசியா

பதில்: செமக்ளுடைடு நீரிழிவுக்கான ஒரு பெப்டைடு மருந்து. மாத்திரையை உடைக்காதீர்கள், முழுதாக விழுங்க வேண்டும். இந்த மருந்தை உங்கள் மருத்துவர் எழுதித் தந்தாரா என்பதையும் முதலில் பாருங்கள். 3 மில்லிகிராமில் ஒரு மாதம், பிறகு 7, தேவைப்பட்டால் 14 என்று ஏற்றுவதுதான் முறை. எடுத்ததும் 14 என்றால் குமட்டலும் வாந்தியும் படுத்திவிடும்.

வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் எந்தப் பெப்டைடையும் உணவாகவே நினைத்துச் செரித்துவிடும். இன்சுலினுக்கும் அதே கதி. செமக்ளுடைடின் மூலமான, குடல் சுரக்கும் ஹார்மோன் ஜிஎல்பி-1 இரத்தத்தில்கூட இரண்டு நிமிடம்தான் தாங்கும், டிபிபி-4 என்ற நொதி அதன் தலைப்பகுதியை வெட்டிவிடுகிறது. செமக்ளுடைடில் வெட்டும் இடத்துக்கு அருகே, 8-ஆம் இடத்தில் வேறு அமினோ அமிலம் வைத்திருக்கிறார்கள், கத்தி அங்கே இறங்காது. ஒரு கொழுப்பு அமில வாலும் உண்டு; அது இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு மருந்தை ஒரு வாரம் உடலில் தங்க வைக்கிறது.

மாத்திரையில் கூடவே 300 மில்லிகிராம் ‘ஸ்நாக்’ என்ற உப்பு இருக்கிறது. மாத்திரை கரையும் அந்தச் சிறு இடத்தில் அமிலத்தைத் தணித்து, வயிற்றுச் சுவர் வழியே மருந்தை உள்ளே விடுவது அதன் வேலை. அப்படியும் நூற்றில் ஒரு பங்களவுதான் இரத்தத்தை எட்டுகிறது. அதனால்தான் காலை வெறும் வயிற்றில், அரைக் குவளைத் தண்ணீரோடு, அதாவது 120 மில்லிக்கு மேற்படாமல் விழுங்கி, அரை மணி நேரம் டீகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தால் அந்த உப்பு கரைந்து பரவிவிடும், மருந்து வீணாகும்.

கேள்வி: பிரசவ வார்டில் ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜில், கார்பெட்டோசின் வெளியே அலமாரியில். இரண்டும் கருப்பையைச் சுருக்கும் மருந்துதானே?
– செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டது. 1-க்கும் 6-க்கும் இடையே உள்ள கந்தகப் பாலம் அதை வளையமாக்குகிறது, மீதி மூன்றும் வால். அமெரிக்க உயிர்வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆய்வகத்தில் செய்து காட்டிய முதல் பெப்டைடு ஹார்மோன் இதுதான். வளையத்தின் பலவீனம் அந்தப் பாலம். வெப்பத்தில் அது வினைபுரிந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். கார்பெட்டோசினில் ஒரு கந்தகத்துக்குப் பதிலாகக் கார்பன் இருக்கிறது. வளையம் அதேபோல நிற்கிறது, ஆனால் அறுவதில்லை. வெப்பம் தாங்கும் வகை 30 டிகிரியில் மூன்று ஆண்டு தாங்கும். தென்னாப்பிரிக்கா உட்படப் பத்து நாடுகளில் 29,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2018-இல் வெளியானது. சாதாரணப் பிரசவத்துக்குப் பின் 500 மில்லியோ அதற்கு மேலோ இரத்தம் போவதைத் தடுப்பதில் இது ஆக்ஸிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று அதில் தெரிந்தது.

இதில் கவனம் வேண்டியது ஒன்று. கார்பெட்டோசின் உடலில் நீண்ட நேரம் நிற்கும். குழந்தை பிறந்த பிறகு 100 மைக்ரோகிராம், ஒரே முறை. வலி எடுக்க வைப்பதற்கு ஒருபோதும் கூடாது. ஆக்ஸிடோசின் சொட்டை நிறுத்தினால் கருப்பை சில நிமிடத்தில் தளரும், கார்பெட்டோசினில் அப்படித் தளராது, வயிற்றிலுள்ள குழந்தைக்கு மூச்சு முட்டும். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆக்ஸிடோசினுக்கும், சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனான வாசோபிரசினுக்கும் 3, 8 ஆகிய இரண்டு இடங்கள்தான் வேறு. அதனால் ஆக்ஸிடோசினை அதிக அளவில், உப்பில்லாத திரவத்தோடு மணிக்கணக்கில் ஏற்றினால் அது வாசோபிரசின் வேலையையும் கொஞ்சம் செய்யும்: சிறுநீர் குறையும், சோடியம் தாழும், வலிப்புகூட வரலாம். சொட்டுக்கு உப்புக் கரைசலைப் பயன்படுத்தி, சிறுநீர் அளவைக் குறித்து வாருங்கள்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் இன்சுலின் போடலாமா? பன்றி, மாட்டிலிருந்து எடுப்பது என்கிறார்களே?
– வாசகி, இசிபிங்கோ

பதில்: போட வேண்டும். முன்பு அப்படித்தான் எடுத்தார்கள். பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து பி30-இல் மட்டும் வேறுபடும், மாட்டினுடையது மூன்று இடங்களில். மடிப்பு ஒன்றாக இருப்பதால் இரண்டுமே மனித உடலில் வேலை செய்தன. இன்று நம் கிளினிக்குகளில் தருவது ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ வளர்த்தெடுத்த மனித இன்சுலினும் அதன் மாற்று வடிவங்களும். கலங்கல் இன்சுலினில் உள்ள புரோட்டமின் மட்டும் மீனிலிருந்து எடுக்கப்படுவது, கேட்டதால் மறைக்காமல் சொல்கிறோம். அது உங்களுக்கு மனத்தடையாக இருந்தால், புரோட்டமின் இல்லாத நீண்ட நேர இன்சுலின் கிடைக்குமா என்று விரதம் தொடங்குவதற்கு முந்தைய மாதமே மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது யூனிட் கணக்கும் போடும் நேரமும் மாறலாம், அதை அவர்தான் எழுதித் தர வேண்டும். அதுவரை இப்போது போடுவதை நிறுத்தாதீர்கள்.